ஒரு புள்ளிக்காரி

அந்த வீட்டில் நாற்காலிக்குப் பஞ்சமே இல்லை. வந்தவர்கள் உட்காரத்தான் இடம் கிடையாது. வாசலை ஒட்டி மூன்று சக்கரத்தோடு நீட்டிக் கிடப்பது ஓட்டப் பந்தய நாற்காலி. அதன் முன்சக்கரத்தில் இடறாமல் இதுவரை யாரும் உள்ளே நுழைந்ததில்லை. சுவரோரம் சக்கரமே இல்லாமல் நிற்கிற இரும்புச் சட்டம், உட்கார்ந்தபடி குண்டு எறிவதற்கு. அதன் மேல் இப்போது துண்டுகள் காய்கின்றன. சக்கரங்கள் மேலே நெருங்கிக் கீழே அகன்று சாய்ந்து நிற்பது கூடைப்பந்துக்கு. போதாததற்கு, கடைக்கும் கழிவறைக்கும் போய்வர ஒரு சாதா சக்கர நாற்காலி. எல்லாவற்றுக்கும் சொந்தக்காரி ஒருத்திதான்.

“ஒரு பொண்ணுக்கு நாலு சேரு. நாள் முழுக்க பஸ் ஓட்டிட்டு வர்றவனுக்கு ஒரு ஸ்டூல் கிடையாது” என்று அவளுடைய அக்கா வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து ஏதாவது ஒரு சக்கரத்துக்கு எண்ணெய் போட ஆரம்பித்துவிடுவார். அவளுக்கு அவர் மாமா. மச்சினிக்கு அவர் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ்.

தெருப்பக்கம் அக்காவின் சலவைக்கடை. பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை. ஓட்டல் விரிப்புகளும் மருத்துவமனைச் சீருடைகளும் மூட்டை மூட்டையாக வந்து விழுகிற கடை அது. கடையைத் திறப்பதற்கு முன் தங்கச்சியின் கால்களை நீட்டி மடக்கிவிடுவதுதான் அக்காவுக்கு அன்றைய முதல் வேலை. விட்டுவிட்டால் மூட்டு இறுகிவிடும், இழுப்பு வந்து காலை வெட்டி வெட்டித் தூக்கிப் போடும். காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட அக்கா இதை விட்டதில்லை. மழை வருது, மாடியில இருக்கிற துணியை எடுத்துட்டு வாடி என்று, விபத்து நடந்த அன்றைக்குத் தங்கச்சியை அனுப்பியவள் அவள்தான். ஈரத் தளம், உயரமில்லாத கைப்பிடிச் சுவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை என்று டாக்டர் சொன்னபோது அந்தப் பெண்ணுக்கு வயது பத்தொன்பது. அதற்கு மேல் அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

வருடங்கள் கழித்து ஒரு காலை, அன்றைக்கும் மழைதான். தங்கச்சி அரைத் தூக்கத்தில் கிடந்தாள். அக்கா அவளுடைய இடது முழங்காலை நெஞ்சுவரை மடக்கி, பிறகு மெதுவாக இறக்கினாள். எப்போதும் அந்தக் கால் நனைந்த போர்வை மாதிரி முழுப் பாரத்தோடு கையில் இறங்கும். அன்று பாதி வழியில் பாரம் குறைந்தது. கால் தன்னைத் தானே கொஞ்சம் தாங்கிக்கொண்டது.

அக்கா அப்படியே நின்றாள். இழுப்பு என்றால் வெடுக்கென்று வெட்டும், இது வெட்டவில்லை. இன்னொரு தடவை மடக்கி இறக்கினாள். அதே இடத்தில் அதே மாதிரி பாரம் குறைந்தது. யாரோ அடியில் கை கொடுத்தது போல இருந்தது, ஆனால் அடியில் இருந்தது அவளுடைய கை மட்டும்தான்.

“என்னக்கா, நின்னுட்ட?” என்றாள் தங்கச்சி, கண்ணைத் திறக்காமல்.

“ஒண்ணுமில்ல. கை வலிக்குது.”

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். இதற்காக அவள் வேண்டாத தெய்வமில்லை. அழுது முடிப்பதற்குள் தேதி ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் சோதனை.

அந்தச் சோதனை என்ன என்று சொல்ல வேண்டுமானால், தங்கச்சி கடந்து வந்த பாதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் ஒன்றில் நிற்கிற ஆள் இல்லை. மருத்துவமனையில் இருக்கும்போதே மேசைப்பந்து மட்டையைப் பிடித்து, வீடு திரும்புவதற்குள் அங்கிருந்த ஆண்களையெல்லாம் தோற்கடித்தாள். பிறகு குண்டு எறிதல். மாநில அளவில் பதக்கம் வாங்கி, அடுத்த படிக்கு ஏறுகிற நேரத்தில், அவளுடைய உடல்நிலைக்கான பிரிவில் ஆள் சேரவில்லை என்று போட்டியையே எடுத்துவிட்டார்கள். பயிற்சி இருந்தது, பலம் இருந்தது, எதிரில் ஆள்தான் இல்லை. ஒரு மாதம் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு ஓட்டப் பந்தய நாற்காலியில் ஏறினாள். மாமா ஓட்டுகிற பஸ்ஸோடு பக்கத்துப் பாதையில் போட்டி போட்டு, அவருக்கு மேலதிகாரியிடம் திட்டு வாங்கிக் கொடுத்தாள். அதில் தோள்பட்டை தேய்ந்தது. இனிமேல் இதை ஓட்டினால் சாப்பிடக் கையைத் தூக்க முடியாது என்று டாக்டர் சொன்னதும் கூடைப்பந்துக்கு வந்தாள். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டாள். கடல் தாண்டிப் போகிற அணிக்குப் பெயர் வந்திருக்கிறது, முதல் தடவையாக. தோள்பட்டையைப் பார்த்தால் கடைசித் தடவையாகவும் இருக்கலாம்.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவர் உடம்புக்கும் ஒரு புள்ளி போடுவார்கள். அசைவு குறைந்தவர்களுக்கு ஒன்று, கூடக் கூட ஒன்றரை, இரண்டு என்று ஏறும். களத்தில் இறங்குகிற ஐந்து பேரின் புள்ளியைக் கூட்டினால் பதினாலைத் தாண்டக் கூடாது. பெரிய போட்டிக்கு முன்னால் எல்லோரையும் மறுபடி படுக்க வைத்துப் பார்த்துப் புள்ளியை உறுதி செய்வார்கள். தங்கச்சி ஒரு புள்ளிக்காரி.

மறுநாள் பயிற்சியாளர் அம்மாள் அணியின் சட்டைகளை இஸ்திரிக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அவர் விசில் மேடம்தான். பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள்.

“எண் மேல பெட்டியை வச்சிடாதீங்க, உருகிடும்” என்றார் விசில் மேடம்.

“தெரியும் மேடம். திருப்பிப் போட்டுத்தான் தேய்ப்பேன்.” அக்கா குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். “மேடம், இந்தப் புள்ளி விஷயம் எனக்குச் சரியாப் புரியல. இவ ஒண்ணுல இருந்து ஒண்ணரைக்குப் போனா என்ன ஆகும்?”

“ஏன் போறா?”

“சும்மா கேக்கறேன்.”

“வயித்துல புளியைக் கரைக்காதீங்கம்மா. என்கிட்ட நல்லா ஆடுற நாலு பேரு சேர்ந்து பதிமூணு வச்சிருக்காங்க. மிச்சம் இருக்கிறது ஒண்ணு. அந்த ஒண்ணுதான் உங்க தங்கச்சி. அந்த இடத்துக்கு அவளை விட்டா எனக்கு ஆளே இல்ல.”

“ஒண்ணரைன்னா?”

“ஒண்ணரைல ஏற்கெனவே ரெண்டு பொண்ணுங்க இருக்கு, இருபது இருபத்திரண்டு வயசுல. இவளை எங்க வைக்கிறது?” விசில் மேடம் சட்டையின் ஓரத்தை நீவிவிட்டார். “ஆனா பாருங்க, இந்த அஞ்சாறு மாசமா அவ ஆட்டமே வேற மாதிரி இருக்கு. குனிஞ்சு பந்தை எடுத்துட்டு நிமிர்றா பாருங்க, ஒரு புள்ளிக்காரி அப்படி நிமிர்ந்து நான் பாத்ததே இல்ல. அதனாலதான் அடிச்சுப் பேசி எடுத்தேன்.”

அக்கா பெட்டியை எடுத்துத் தாங்கியில் வைத்தாள்.

மதியம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பஸ் பணிமனைக்குப் போனாள். மாமா ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்தார். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் கையில் எடுத்த ரொட்டியைத் திரும்ப டப்பாவில் வைத்தார்.

“நிஜமாவா?”

“என் கை பொய் சொல்லுமா?”

“நல்ல சேதிதானே. அதை ஏன் சாவுச் சேதி மாதிரி சொல்ற?”

“அடுத்த வாரம் சோதனைங்க. இத்தனை வருஷம் வராதது ரெண்டு வாரம் கழிச்சு வந்திருக்கக் கூடாதா?”

“கால் வர்றதுக்கு நேரம் காலம் பாத்தா வரும்?” அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “எக்ஸ்பிரஸ்கிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லக் கூடாது. நீங்களும் மூச்சு விடக் கூடாது.”

“அவ காலைப் பத்தி அவளுக்கே சொல்லாம இருக்கிறது என்ன நியாயம்?”

“தெரிஞ்சா அவ மறைக்க மாட்டா. உங்களுக்குத் தெரியாதா அவளை? ஆட்டத்துல பந்து தன் கையில பட்டு வெளிய போச்சுன்னு தானே போய்ச் சொல்றவ. தெரியாமப் போய்ப் படுத்தா அது பொய்யே இல்ல. பாக்கிறவர் பாத்துட்டு எழுதிட்டுப் போகட்டும்.”

“பாக்கிறவர் கண்டுபிடிச்சிட்டா?”

அக்கா சாப்பாட்டு டப்பாவை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். மாமா மழையைப் பார்த்தார். பிறகு, “எனக்கு நடிக்க வராதும்மா. சோதனை முடியிறவரைக்கும் டபுள் டூட்டி கேட்டு வாங்கிக்கிறேன்” என்றார். அப்படியே செய்தார். வீட்டுக்கு வந்த நேரத்திலும் எண்ணெய்க் குப்பியைத் தேடுகிற சாக்கில் தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமலே திரிந்தார்.

அந்த வாரம் அக்கா ஓட்டல் விரிப்பு ஒன்றில் பெட்டியை மறந்து வைத்துப் பழுப்பாக்கிவிட்டாள். கடை திறந்த நாளிலிருந்து நடக்காத காரியம். காலையில் கால் பிடிக்கும்போதெல்லாம் அந்த இடம் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்குவாள். ஒரு நாள் வந்தது போல இருந்தது, மற்ற நாள் வரவில்லை. வராத நாளில் நிம்மதி. நிம்மதி வந்த கையோடு, இவளெல்லாம் ஒரு அக்காவா என்று தன் மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

சோதனை நாளும் வந்தது. காலையில் தங்கச்சியைக் குப்புறப் படுக்கச் சொன்னாள்.

“இன்னைக்கு இதெல்லாம் வேணுமாக்கா? நேரமாகுது.”

“இன்னைக்குத்தான் வேணும். அங்க போய் இழுப்பு வந்து தொலைச்சா?”

தொடைக்கடியில் துண்டை மடித்து வைத்து, இடுப்பை அழுத்தி, இடது காலை மேலே தூக்கிப் பிடித்தாள். வழக்கமாகக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு விடுவாள். அன்று விடவில்லை. பிறகு மல்லாக்கப் புரட்டி, வெந்நீரில் பிழிந்த துண்டைத் தன் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்து, தொடையிலிருந்து இடுப்புவரை சுற்றினாள். ஆற ஆற மாற்றினாள். ரொம்ப நேரம் சூடு கொடுத்து இழுத்துப் பிடித்தால் சதை அசந்துவிடும் என்பது மருத்துவமனையில் கால் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெண் எப்போதோ சொன்னது. விளையாடப் போற அன்னைக்கு மட்டும் இப்படிப் பண்ணிடாதீங்க என்றுதான் அவள் சொன்னாள். தங்கச்சி போனில் அணித் தோழிகளோடு பேசிச் சிரித்துக்கொண்டு, காலை அக்காவிடம் விட்டுவிட்டுக் கிடந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று அவள் கேட்டிருந்தால்கூட அக்காவுக்கு இவ்வளவு கூசியிருக்காது.

சோதனை நடந்தது ஓர் உள்ளரங்கத்தின் பக்க அறையில். நடுவில் திரை, திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டில். வெளியே தாழ்வாரத்தில் விசில் மேடம் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். துணைக்கு ஒருவர் உள்ளே இருக்கலாம் என்றார்கள். பரிசோதகர் மூக்குக் கண்ணாடி போட்ட, அவசரமில்லாத மனிதர். வயிறு, முதுகு, வலது கால் எல்லாம் பார்த்துவிட்டு இடது தொடையின் மேல் இரண்டு விரலை வைத்தார்.

“முழங்காலை நெஞ்சுப் பக்கம் கொண்டுவரப் பாருங்க.”

தங்கச்சியின் முகம் சுருங்கியது. கால் கிடந்தபடி கிடந்தது.

“இன்னொரு தடவை.”

ஒன்றுமில்லை. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். தப்பித்தோம் என்று மனம் குதித்தது.

“சரி, போதும்” என்று அவர் பேனாவை எடுத்தார்.

“இருங்க சார். வரும்” என்றாள் தங்கச்சி.

“என்ன வரும்?”

“கால் வரும். நேத்து வந்துச்சு. தினமும் வருது. இன்னைக்கு ஏன்னு தெரியல.”

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “இங்க வர்றவங்கள்லாம் வர்றதையே வரலன்னு சொல்லித்தான் பாத்திருக்கேன். நீங்க என்னம்மா புதுசா இருக்கீங்க?”

தங்கச்சி தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தாள். காலையில் தொடையில் சுற்றிய வெந்நீர்த் துண்டுகள் ஒவ்வொன்றாக அவள் கண்ணில் வந்து போவது அக்காவுக்குத் தெரிந்தது.

“அக்கா, என்ன பண்ணின?”

பரிசோதகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அடுத்த கட்டில்ல ரெண்டு பேரு இருக்காங்க. அவங்களைப் பாத்துட்டு வரேன். அதுக்குள்ள உங்க பேச்சை முடிச்சுக்குங்க” என்று திரைக்கு அந்தப் பக்கம் போனார்.

தங்கச்சி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “உனக்கு எப்பத் தெரியும்?”

“போன வாரம். நீ தூக்கத்துல இருந்த.”

“அதான். அன்னைக்கு அசந்துட்டேன்.”

“என்னடி சொல்ற?”

“போன மழைக் காலத்துல இருந்தே வருதுக்கா. நீ பிடிச்சுவிடும்போது மட்டும் அதைச் செத்த மாதிரி போட்டு வைப்பேன்.”

“எங்கிட்டயா மறைச்ச? எங்கிட்ட?”

“உங்கிட்டதான். சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? மறுநாளே கம்பியைப் பிடிச்சு நிக்க வச்சிருப்ப. பயிற்சி வேணாம், பந்து வேணாம், முதல்ல ஒரு அடி எடுத்து வைடின்னு கையெடுத்துக் கும்பிட்டிருப்ப. நீ கும்பிட்டா நான் மாட்டேன்னு சொல்வேனா?”

“நடக்கணும்னு ஆசைப்படுறது தப்பா?”

“தப்பில்ல. ஆனா அது உன் ஆசைக்கா. டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். இதை வச்சு நடக்க முடியாதாம். ஆட முடியும். என் ஆசை அதுதான்.”

அந்தப் பக்கம் யாருடைய கையையோ தூக்கச் சொல்லும் குரல் கேட்டது. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அப்ப இவருகிட்டயும் செத்த மாதிரி போட்டு வைக்க வேண்டியதுதானே. எல்லாம் தானா நடந்திருச்சு, பேனாவை எடுத்துட்டாரு. நீயே கெடுத்துக்கிற.”

“உங்கிட்ட போட்டு வைக்கலாம், கட்டில்ல கிடக்கிற நேரம்தானே. களத்துல எப்படிப் போட்டு வைக்கிறது? நல்லா ஆடுறேன், குனிஞ்சு நிமிர்றேன்னு விசில் ஊரெல்லாம் சொல்லுது. எதுனால நிமிர்றேன்னு நினைக்கிற? இந்தத் தொடைதான் என்னைப் பிடிச்சு நிறுத்துது. இதை வச்சுத்தான் எனக்கு இடம் கிடைச்சுது. அங்க போய் இதை மறைச்சு ஆடினா நான் பழையபடி ஆடணும். மறைக்காம ஆடினா மாட்டிக்குவேன், மொத்த அணியையும் வெளிய அனுப்பிடுவாங்க.”

“ஒண்ணரை போட்டா உனக்கு இடம் இல்லடி.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

தங்கச்சியின் கண்ணோரம் நனைந்து காதுப் பக்கம் இறங்கியது. “பயமா இருக்குக்கா. ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. சொல்லிடலாமா, விட்டுடலாமான்னு நூறு தடவை மாத்தியாச்சு. இங்க வந்து படுக்கிறவரைக்கும் முடிவு பண்ணல. அவர் விரலை வச்சதும் தூக்கத்தான் தோணுச்சு. தூக்கறேன், வரல. என் காலு என் பேச்சைக் கேட்கலன்னதும் எனக்கு மூச்சே நின்னுருச்சு. திரும்பவும் போயிடுச்சோன்னு.”

அக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “போகலடி. நான்தான் அதை அசத்தி வச்சேன். வந்துடும்” என்று சொல்லி, சில்லிட்டுப்போன உள்ளங்கையால் அந்தத் தொடையை மேலிருந்து கீழாகத் தட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். தட்டினாள், உருவினாள். தான் தூங்க வைத்ததைத் தானே எழுப்பப் பார்த்தாள்.

திரை விலகியது. “என்ன, பாக்கலாமா?”

பரிசோதகர் மறுபடி விரலை வைத்தார். தங்கச்சி பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கால் கிடந்தது. இன்னொரு தடவை. கிடந்தது. இந்த முழங்கால் ஏறினால் எல்லாம் போச்சு என்று அக்காவுக்குத் தெரியும். அத்தனை வருட உழைப்பு, கடல் தாண்டுகிற ஆட்டம், தன் கையால் தேய்த்து வைத்த சட்டை, எல்லாம். ஏறாதே என்று வாரம் முழுக்க வேண்டியவள் அவள். இப்போது அவளையறியாமல் வாயிலிருந்து வந்தது வேறு.

“தூக்குடி.”

முழங்காலின் அடியில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. பிறகு கட்டில் விரிப்பை விட்டு அது மெல்ல மேலே வந்தது. நடுங்கிக்கொண்டே வந்து, அங்கேயே நின்றது. பரிசோதகர் தன் விரலால் கீழே அழுத்திப் பார்த்தார். அது தாக்குப்பிடித்தது.

“ம். விடுங்க. போதும்” என்றார். எழுதினார்.

மாலையில் ஆட விட்டும் பார்த்தார்கள். ஒன்றரை என்று அறிவித்தார்கள். விசில் மேடம் தாழ்வாரத்தில் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார், திரும்பவும் கூட்டினார். பிறகு தங்கச்சியின் தலையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு, மற்றப் பெண்கள் இருந்த பக்கம் நடந்தார்.

வெளியே மழை விட்டிருந்தது. மாமா வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார், இன்னும் வரவில்லை. சரிவுப் பாதையின் கடைசியில் தங்கச்சி சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். இனி அவள் தன் முகத்திலேயே விழிக்க மாட்டாள் என்று அக்கா நினைத்தாள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள்.

“சந்தோஷமா இருக்காக்கா?” என்றாள் தங்கச்சி, ரோட்டைப் பார்த்தபடி.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“இருக்குடி” என்றாள். “நீ என்னை என்ன வேணா சொல்லு. அது மேல வந்தப்ப எனக்கு வேற எதுவுமே ஞாபகத்துல இல்ல.”

தங்கச்சி மூக்கை உறிஞ்சினாள்.

“எனக்கும்தான்” என்றாள். “அதான் ஆத்திரமா வருது.”